ஹனிஃபாரு குடாவில் 45 நிமிடம்: மாண்டா திருக்கைகளோடு ஸ்நார்க்கலிங், ஒரு நிகழ்வு ஆய்வு

மாலத்தீவின் தலைநகர் மாலேக்கு வடமேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பா அடோல். 75 தீவுகள் கொண்ட இந்தப் பவளக் கூட்டத்தில் ஊர் மக்கள் குடியிருப்பது 13 தீவுகளில்தான். கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆளில்லாத ஹனிஃபாரு தீவை ஒட்டி, ஒரு கால்பந்து மைதானம் அளவுக்குக் குடா ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவத்தில் சில நாள்கள் அந்தச் சின்ன இடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாண்டா திருக்கைகள் இரைக்காகக் குவிகின்றன. அதே நாளில், அதே தண்ணீருக்குள், முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயுமாக மனிதர்களும் இறங்குகிறார்கள்.

மனிதர்கள் பக்கத்தில் இருக்கும்போதே இந்த விலங்குகளின் சாப்பாடு கெடாமல் இருக்க முடியுமா? எந்தக் கடலில் எந்த விலங்கோடு நீந்தினாலும் எழுகிற கேள்விதான் இது. ஆனால் ஹனிஃபாருவில் விதிகள் எழுத்தில் இருக்கின்றன, இடம் சிறியது, விலங்கின் நடத்தை நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அதனால் பதிலைத் தேடிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

குடாவுக்குள் ஏன் வருகின்றன

இங்கு வருவது பவளப்பாறை மாண்டா. சிறகு விரிப்பு பெரும்பாலும் 3 மீட்டருக்கு மேல் இருக்கும். தலையின் இரு பக்கமும் நீண்டிருக்கும் மடல்களால்தான் இந்த இனத்துக்குத் தமிழில் கொம்புத் திருக்கை என்று பெயர். வாலில் விஷமுள் கிடையாது. வாய் எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும் அது தேடுவது மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் மிதவை உயிரிகளைத்தான். செவுள் தட்டுகள் அவற்றை வடிகட்டிப் பிடிக்கின்றன. மனிதருக்கு இந்த விலங்கால் ஆபத்து இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஆபத்து எந்தத் திசையில் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மாலத்தீவின் கடலடி மேட்டில் மோதி மேலெழும் சத்துமிக்க தண்ணீரால் அடோல்களின் கிழக்குப் பக்கம் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஓதத்தின் (கடல்மட்டம் ஏறி இறங்குவதன்) ஏற்றம் வலுவாக இருக்கும். அந்த ஏற்றம் பருவ நீரோட்டத்துக்கு எதிராக வரும்போது குடாவின் வாயருகே சுழல் உண்டாகி, உயிரிகள் நிறைந்த தண்ணீரை உள்ளே இழுக்கிறது. குடா ஒரு முட்டுச்சந்து. வெளிச்சத்துக்கு அஞ்சிக் கீழே இறங்கும் உயிரிகள் மேல்நீரோடு சேர்ந்து வெளியேற முடியாமல் அடைபடுகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் கஞ்சி போல் கலங்கிவிடும். திருக்கைகள் வருவது அந்தக் கலங்கலுக்காகத்தான்.

இதிலிருந்து பயணிக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. பருவம் மே முதல் நவம்பர் வரை என்றாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் உச்சம். அதிலும் பௌர்ணமி அல்லது அமாவாசையை நடுவில் வைத்துக் குறைந்தது நான்கு நாள் தங்கத் திட்டமிட வேண்டும். ஒரே நாளை நம்பி வருபவர் ஏமாறிப் போவது சகஜம். இன்னொன்று, கண்ணாடி போன்ற நீலத் தண்ணீரை எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீர் தெளிவாக இருந்தால் அங்கே இரை இல்லை. நல்ல நாளில் பார்வை சில மீட்டருக்கு மேல் எட்டாது. திடீரென்று பழுப்புத் திரையிலிருந்து அகலத் திறந்த வாய் ஒன்று வெளிப்படும்.

இரை எடுக்கும் விதம் அடர்த்தியைப் பொறுத்து மாறும். உயிரிகள் மெல்லிய படலமாக இருந்தால் ஒவ்வொரு திருக்கையும் தனியாக நேர்கோட்டில் போய்த் திரும்பும். ஓரிடத்தில் திரண்டிருந்தால் அங்கேயே பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே தின்னும். அடர்த்தி கூடும்போது ஒன்றின் வாலைத் தொட்டாற்போல் அடுத்தது சேர்ந்து சங்கிலியாகும். மிகவும் கூடிவிட்டால் சங்கிலியின் முதல் திருக்கை கடைசித் திருக்கையைப் பிடித்து, எல்லாமே ஒரு சூறாவளியாகச் சுழலும். இந்தச் சூறாவளிச் சுழற்சி உலகிலேயே ஹனிஃபாரு அளவுக்கு வேறெங்கும் பதிவானதில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட திருக்கைகள் சேர்ந்தால்தான் அது உருவாகும். ஒருவர் குறுக்கே நீந்தினால் அந்த வட்டம் அறுந்துவிடும். மறுபடி கூடும் முன் ஓதம் வற்றத் தொடங்கிவிடலாம். அன்றைய சாப்பாடு அதோடு முடிந்தது.

விதிகள் வந்த வழி

2009 ஜூனில் ஹனிஃபாரு பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காலகட்டத்தில்தான் இந்தக் குடாவின் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. ஒரு திருக்கைக்கு இத்தனை பேர் என்று எண்ணும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது. 2011இல் பா அடோல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2012 முதல் குடாவுக்குள் ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு முக்குளிப்பது, தடை செய்யப்பட்டது. ஸ்நார்க்கலிங் மட்டும்தான் அனுமதி.

ஸ்கூபாவைத் தடுத்தது சரியான முடிவு என்பதற்குக் காரணம் எளியது. முக்குளிப்பவர் தரையில் உட்கார்ந்து விடும் குமிழிகள் இரைப்படலத்தை ஊடுருவி மேலே வருகின்றன. திருக்கைகள் குமிழித் திரையைத் தவிர்த்து விலகுகின்றன. ஆழம் குறைந்த குடாவில் அவை விலகிப் போகவும் இடமில்லை. மேலே மிதப்பவர் ஒரே தளத்தில் இருப்பார், அவருக்குக் கீழே இடம் காலியாக இருக்கும்.

இப்போதைய முக்கிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்வதானால்: ஒரே நேரத்தில் 5 படகு, 80 பேர், ஆளுக்கு 45 நிமிடம், 10 பேருக்கு ஒரு வழிகாட்டி, உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது, முன்கூட்டியே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். சீட்டுப் பணம் அடோலின் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது, காவலர்களின் செலவு அதிலிருந்து நடக்கிறது.

பணக் கணக்கையும் இங்கே வைத்துவிடலாம். 2006 முதல் 2008 வரையிலான நிலையை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, மாலத்தீவில் மாண்டா பார்க்கும் சுற்றுலாவின் நேரடி வருமானம் மட்டும் ஆண்டுக்கு 81 லட்சம் அமெரிக்க டாலர் என்று கணக்கிட்டது. செவுள் தட்டுக்காகப் பிற நாடுகளில் கொல்லப்படும் விலங்கு இது. பெண் திருக்கை பருவமடையப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். கருக்காலம் ஏறக்குறைய ஓராண்டு. ஒரு முறைக்கு ஒரு குட்டி, அதுவும் பல ஆண்டு இடைவெளியில். இப்படிப்பட்ட இனத்தில் பத்து திருக்கை குறைந்தாலும் ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். 2014இல் மாலத்தீவு எல்லாத் திருக்கை இனங்களையும் சட்டத்தால் காத்தது.

விதிகளில் எங்களுக்குக் குறையாகப் படுவது 80 என்ற எண். பத்துப் பத்துப் பேராக எட்டுக் குழுக்கள் அந்தக் குடாவில் ஒரே சமயம் இருந்தால், திருக்கைகள் போய்வரும் தடத்துக்கு வெளியே எல்லாருக்கும் இடம் போதாது. பாதி எண்ணிக்கையில் இரண்டு சுற்றாக விட்டாலும் 45 நிமிடக் கணக்கு பெரிதாகக் குலையாது.

கருவிகள்

தண்ணீருக்குள் நடக்கும் பெரும்பாலான தொல்லைகள் கரையிலேயே தொடங்குகின்றன. முகக்கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தும் கீழே விழாமல் நின்றால் அது உங்கள் அளவு. வாரை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ்: இறுக்க இறுக்க சிலிகான் விளிம்பு மடிந்து தண்ணீரை உள்ளே விடும். மீசை உள்ளவர்கள் மேலுதட்டில் வாசலின் தடவலாம். நெற்றி மயிர் ஒரு இழை உள்ளே மாட்டினாலும் கசியும்.

புதுக் கண்ணாடியில் உற்பத்தியின்போது படிந்த சிலிகான் படலம் இருக்கும். பற்பசையை விரலில் எடுத்து உட்புறம் முழுக்க இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் எத்தனை முறை எச்சில் தடவினாலும் பனி படியும். இறங்கும் முன் ஒரு துளி குழந்தை ஷாம்பூவை விட்டு அலசினால் போதும்.

குழாய் எளிமையாக இருக்கட்டும். அகலமான உட்துளை, மிஞ்சிப்போனால் அடியில் தண்ணீரை வெளியேற்ற ஒரு வால்வு. வால்வுகள் கூடக்கூட மூச்சை இழுக்க வலு அதிகம் தேவைப்படும். முகம் முழுதும் மூடும் கவசத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விட்ட மூச்சு தங்குவதற்கு அதில் இடம் அதிகம், தண்ணீர் புகுந்தால் வாயிலிருந்து துப்பிவிட்டு மூச்சு வாங்குவது போல் சட்டென்று விடுபட முடியாது.

காலில் மாட்டும் ஃபின்ஸ் குட்டையாக இருப்பது நல்லது. நீளமானது வேகம் தரும், ஆனால் இந்தக் குடாவில் வேகம் தேவையில்லை. கூட்டத்தில் அது பின்னால் வருபவரின் முகத்திலோ திருக்கையின் சிறகிலோதான் படும். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். பூசும் களிம்பு கண்ணாடிக்குள் வழிந்து கண்ணெரிச்சல் தரும், தண்ணீரிலும் கரையும். நீச்சலில் தயக்கம் இருந்தால் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். மிதப்பவர் உதைக்கமாட்டார், உதைக்காதவர் பக்கத்தில் திருக்கை வரும்.

இறங்குவது முதல் ஏறுவது வரை

தராவந்தூ தீவில் 2012 முதல் உள்நாட்டு விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து குடா படகில் பத்து நிமிடம்கூட இல்லை. படகு குடாவுக்கு வெளியே நிற்கும். வழிகாட்டி முதலில் இறங்கி, திருக்கைகள் எந்தப் பக்கம் தின்கின்றன, ஓட்டம் எப்படி இழுக்கிறது என்று பார்ப்பார். அவர் கை காட்டியபின் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, வழுக்கினாற்போல் இறங்குங்கள். குதித்தால் எழும் ஓசையும் குமிழியும் முதல் சங்கிலியைக் கலைக்கும்.

முதல் இரண்டு நிமிடம் எதையும் தேட வேண்டாம். முகத்தைத் தண்ணீரில் வைத்து, நீளமாக மூச்சு விட்டு, குழாய் வழியே வரும் ஓசை சீராகும்வரை படகருகே மிதக்க வேண்டும். பதற்றம் வருவதாக இருந்தால் இங்கேயே வரும், இங்கே அதைச் சமாளிப்பது சுலபம்.

பிறகு குழுவாகப் பாறை விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். உடம்பு படுக்கையாக, கை பக்கவாட்டில் ஒட்டி, உதை சிறியதாக, ஃபின்ஸ் நீர்மட்டத்துக்கு மேலே வராமல். திருக்கையைக் கண்டதும் பெரும்பாலோர் உடம்பை நிமிர்த்திவிடுகிறார்கள், தலை வெளியே, கால் கீழே. பேசவும் படமெடுக்கவும் அது வசதி. ஆனால் அப்போது இரு கால்களும் மிதவை உயிரிகளின் நடுவே துழாவிக்கொண்டிருக்கும், திருக்கையின் பாதையில் ஒரு கம்பம் நட்டது போல. இந்த ஒரு தவறைத் திருத்தினாலே பாதி இடையூறு குறையும்.

திருக்கையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. பக்கவாட்டிலிருந்துதான் நெருங்க வேண்டும். பின்னாலிருந்து போனால் துரத்தலாகும், முன்னாலிருந்து போனால் மறிப்பாகும். தின்னும் திருக்கை ஒரே தடத்தில் போய்த் திரும்பிவரும். அது விலகிப் போகும்போது பின்தொடராமல் அதே இடத்தில் நின்றால், ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபடி உங்கள் பக்கம் வரும். துரத்தினால் அது தடத்தையே மாற்றிக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு உதைத்தாலும் அதன் ஒரு சிறகடிப்புக்கு ஈடாகாது.

சில சமயம் அதுவே மூன்று மீட்டர் எல்லையைத் தாண்டி நேராக உங்களை நோக்கி வரும். அப்போது அசையக் கூடாது. கடைசி நொடியில் அடியில் தாழ்ந்தோ பக்கம் சரிந்தோ போய்விடும், உடம்பின் அளவை அது நன்றாக அறியும். கையை நீட்டித் தொட்டால் தோலைக் காக்கும் வழவழப்புப் படலம் நீங்கி, அந்த இடத்தில் நோய் தொற்ற வழி உண்டாகும். மூச்சை அடக்கி அடியில் மூழ்கிப் போவதும் வேண்டாம். கீழேயிருந்து எழுகிற உருவம் அதற்கு அச்சம் தருவது, மேலே வரும்போது இன்னொன்றின் மீது மோதவும் கூடும்.

தலை மடல்களைப் பாருங்கள். தின்னும்போது அவை விரிந்து புனல் போல வாய்க்கு வழிகாட்டும். வாயை மூடி, மடலைச் சுருட்டி, சட்டென்று வேகமெடுத்தாலோ ஆழத்துக்கு இறங்கினாலோ சாப்பாடு நின்றுவிட்டது என்று பொருள். ஒன்று அப்படிச் செய்தால் தற்செயலாக இருக்கலாம். உங்கள் குழுவருகே இரண்டு மூன்று வரிசையாகச் செய்தால் பத்து மீட்டர் பின்வாங்கச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டி கேட்பதற்கு முன்பே செய்திருப்பார்.

மனிதருக்கு நேரும் பிசகுகள்

பருவமழைக் காலம் என்பதால் படகு ஆடும். வாந்தி வருபவர்கள் மாத்திரையைப் புறப்படும் முன்பே போட வேண்டும், கடலில் போட்டால் பயனில்லை. கலங்கிய தண்ணீரில் சொறிமீன்களின் நுண்ணிய கொட்டும் இழைகளும் கலந்திருக்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் ஊசி குத்தினாற்போல் சுருக்கென்று இருக்கும். முழுக்கைச் சட்டை இங்கேயும் காக்கும். ஏறியபின் நனைந்த துணியைச் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும்.

இதைவிடத் தீவிரமான ஒன்று உண்டு. ஹவாய்த் தீவுகளில் நீரில் மூழ்கி இறக்கும் சுற்றுலாப் பயணிகளில் ஸ்நார்க்கலிங் செய்தவர்கள் முதலிடத்தில் இருக்கிறார்கள். அங்கே நடந்த பாதுகாப்பு ஆய்வு, அவர்களில் பலர் தண்ணீர் குடித்துத் திணறவில்லை, குழாய் வழியே வலிந்து மூச்சிழுத்ததில் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. குழாயின் எதிர்ப்பு, கடும் உழைப்பு, ஏற்கெனவே உள்ள இதயக் கோளாறு ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. நீண்ட விமானப் பயணம் முடிந்த கையோடு இறங்குவதும் காரணமாகலாம் என்று அந்த ஆய்வு ஐயப்படுகிறது. கூச்சல் இருக்காது, கையை அடித்துக்கொள்வது இருக்காது, அதனால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், கை கால் திடீரென்று வலுவிழந்தால் உடனே குழாயைத் துப்பிவிட்டு, மல்லாந்து மிதந்து, கையைத் தூக்குங்கள். துரத்தாமல் மிதப்பது திருக்கைக்கு மட்டுமல்ல, உங்கள் இதயத்துக்கும் நல்லது. வந்திறங்கிய நாளிலேயே குடாவுக்குப் போகாமல் ஒரு நாள் ஆற விடுவது எங்கள் அறிவுரை.

உறுதி தரும் இடமும் உறுதி தராத இடமும்

ஒப்பீட்டுக்குப் பிலிப்பைன்ஸ். செபு தீவின் தெற்கில் ஓஸ்லோப் என்ற ஊரில் 2011 முதல் திமிங்கலச் சுறாக்களுக்குச் சிறு படகிலிருந்து கையால் இறால் போடுகிறார்கள். எந்த நாள் காலையில் போனாலும் சுறா இருக்கும். அதனாலேயே கூட்டம். விளைவு, இடம்பெயர்ந்து திரிய வேண்டிய விலங்குகளில் சில மாதக்கணக்கில் அங்கேயே தங்குகின்றன. படகைக் கண்டால் உணவு என்று நெருங்கப் பழகி, உடலில் கீறல்களோடு திரிகின்றன. அதே நாட்டில் டொன்சோல் என்ற ஊரில், சுறா வேட்டை தடை செய்யப்பட்ட 1998 முதல், இரை போடாமல் சுற்றுலா நடக்கிறது: ஒரு சுறாவுக்கு ஒரு படகு, ஒரு படகுக்கு 6 பேர். அங்கே வெறுங்கையோடு திரும்பும் நாளும் உண்டு.

ஹனிஃபாரு இரண்டாவது வகை. இரையைக் கொண்டுவருவது நிலவும் காற்றும். எங்கே போனாலும் முன்பதிவின்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: விலங்கு வராத நாளில் என்ன செய்வீர்கள்? "வராத நாளே இல்லை" என்ற பதில் வந்தால் அங்கே இரை போடுகிறார்கள் அல்லது துரத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். "மறுநாள் மறுபடி முயல்வோம்" என்பவரிடம் சீட்டு வாங்குங்கள். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, இறங்கும் முன் விளக்கம் சொல்வார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

படம் எடுப்பவருக்கு

ஃபிளாஷ் வேண்டாம். கலங்கிய நீரில் அது உயிரிகளின் மீது பட்டு வெள்ளைப் புள்ளிகளாகத்தான் திரும்பும். செல்ஃபி குச்சியும் வேண்டாம், ஒரு மீட்டர் குச்சி என்பது திருக்கைக்கு ஒரு மீட்டர் கூடுதல் கை.

பயனுள்ள படம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாண்டாவின் வயிற்றிலும் உள்ள கரும்புள்ளிகளின் அமைப்பு மனிதனின் கைரேகை போல வேறு எதற்கும் வராது. மாண்டா டிரஸ்ட் என்ற அமைப்பு இந்தப் புள்ளிகளை வைத்து மாலத்தீவில் ஆயிரக்கணக்கான திருக்கைகளை அடையாளம் கண்டு பட்டியலிட்டு வைத்திருக்கிறது. வயிற்றை எடுக்க அடியில் மூழ்க வேண்டியதில்லை. குட்டிக்கரணம் போடும் திருக்கை ஒவ்வொரு சுற்றிலும் தானே வயிற்றை மேலே காட்டும். வீடியோவை ஓடவிட்டு அசையாமல் மிதந்தால் போதும், பிறகு நல்ல சட்டகத்தைப் பிரித்துக்கொள்ளலாம். செவுள் பிளவுகளுக்கு நடுவிலும் கீழேயும் உள்ள பகுதி தெளிவாகத் தெரிய வேண்டும். வால் அடியில் ஆணுக்கு மட்டுமே உள்ள கவ்விகள் இருக்கின்றனவா என்பதும் தெரிந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். தேதி, நேரம், இடம் குறித்து, படத்தைச் சுருக்காமல் முழு அளவில் அனுப்புங்கள்.